யோசனை சொன்னால் வவுச்சர்: இருபதுகளில் இருக்கும் பிள்ளைகளிடம் இது எடுபடுகிறதா?

ஒசூர்_ஹெச்ஆர் | திங்கள் இரவு

வணக்கம். ஒசூர்ப் பக்கம் பிரேக், கிளட்ச் பாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் ஹெச்ஆர் பிரிவில் இருக்கிறேன். ஷாப் ஃப்ளோர், டிசைன் இரண்டிலும் இப்போது பாதிப் பேருக்கு மேல் 28 வயதுக்குள்தான். சஜஷன் ஸ்கீம் ஒன்று ரொம்ப காலமாக ஓடுகிறது. யோசனை எழுதிப் போட்டால் 250 ரூபாய் வவுச்சர். காலாண்டுக்கு ஒருமுறை சிறந்த யோசனைக்குக் கேடயம், எம்டியோடு ஒரு ஃபோட்டோ. பழைய ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு எழுதுவார்கள். இந்தப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள், ஆனால் வருவதெல்லாம் "கேன்டீனில் இன்னொரு தண்ணீர் கேன் வைக்கலாம்", "இங்கே எச்சரிக்கைப் பலகை மாட்டலாம்" ரகம். புதிதாக ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் பரிசுத் தொகையை உயர்த்த மேலிடம் சம்மதித்துவிட்டது. ரொக்கமா, ஃபோனா, கோவா ட்ரிப்பா? எதைக் கொடுத்தால் இவர்கள் மூளையைக் கசக்குவார்கள்? இதே வேலையில் இருப்பவர்களும், இந்த வயதில் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

இருபத்துமூணு | திங்கள் இரவு

மேடம், நான் உங்கள் கம்பெனி இல்லை. அதே மாதிரி ஒன்றில் ஜிஇடி, அதாவது பயிற்சி இன்ஜினியர்.

எங்கள் லைனில் ஒரு பிராக்கெட் வரும். பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். ஓட்டை மட்டும் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும். நைட் ஷிஃப்ட்டில் தூக்கக் கலக்கத்தில் யாராவது திருப்பி வைத்துவிட்டால் டிரில் தப்பான இடத்தில் இறங்கும், பீஸ் ரிஜெக்ட். அதற்காக "கவனமாக வைக்கவும்" என்று மூன்று மொழிகளில் போர்டு மாட்டியிருந்தார்கள். பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரில் ஒரு டவல் பின் (சின்ன உலோகக் குச்சி) சேர்த்தால் போதும், திருப்பி வைத்தால் பீஸ் உட்காரவே உட்காராது என்று நான் வரைந்து கொடுத்தேன். பின் எந்த இடத்தில் வந்தால் கையில் இடிக்காது என்று காட்டியது அந்த மெஷினில் நிற்கும் ஆபரேட்டர் அக்கா.

ஃபார்ம் சூப்பர்வைசரிடம் போனது, புரொடக்‌ஷன் போனது, குவாலிட்டி போனது, மெயின்டனன்ஸில் போய் உட்கார்ந்துகொண்டது. மழைக்காலத்தில் கொடுத்தது, மாம்பழ சீசனில்தான் பின் வந்தது. நடுவில் விழுந்த ஒவ்வொரு ரிஜெக்ட்டுக்கும் எங்கள் ஷிஃப்ட் திட்டு வாங்கியது. விழாவில் "டீம் முயற்சி" என்று அறிவித்தார்கள், மேடையில் போய் நின்றவர் மேனேஜர். அக்காவின் பெயர் எங்குமே இல்லை. எனக்கு லோகோ போட்ட ஃபிளாஸ்க்.

அடுத்த யோசனை ஒன்று இருக்கிறது. எழுதவில்லை.

சிக்கனம் | செவ்வாய் காலை

தம்பி சொன்னதைப் படித்தேன், வருத்தம்தான். ஆனால் இதை வைத்துக்கொண்டு "அங்கீகாரம்தான் முக்கியம், காசு முக்கியமில்லை" என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். நான் ஃபைனான்ஸ் ஆள். அந்த வசனத்தை அதிகம் சொல்வது காசு கொடுக்க மனசில்லாத நிர்வாகம்தான். கையில காசு, வாயில தோசை. ஜிஇடி சம்பளத்தில் ஒசூரில் ரூம் வாடகையும் மெஸ் பில்லும் கட்டிவிட்டு ஊருக்கும் அனுப்புகிற பையனிடம் கேடயம் கொடுத்தால் அதை எங்கே வைப்பான்?

மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை நாஸ்டாக்கில் இறங்கியபோது என்ன நடந்தது? இந்தியாவில் 500க்கு மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அதில் 70 பேர் அளவுக்கு 30 வயதுக்குள் என்று நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதமே சொன்னார். இளைஞர்களை ஓடவைப்பது எது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

நடுராத்திரி_கோடர் | செவ்வாய் மதியம்

சிக்கனம் சார், ஃப்ரெஷ்வொர்க்ஸ் கதை வேறு. அந்தப் பங்குகள் யாருடைய யோசனைக்கும் விலையாகக் கொடுத்தவை இல்லை. ஆரம்பத்தில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தோடு கொடுத்தது. கம்பெனி வளர்ந்ததால் விலை ஏறியது. சென்னையில் கார் கொடுத்ததாகச் செய்தி வந்ததே, அதுவும் இதே ரகம்தான். 2022 ஏப்ரலில் கிஸ்ஃப்ளோ மூத்த பொறுப்பில் இருந்த 5 பேருக்கு பிஎம்டபிள்யூ கொடுத்தது. அதே மாதம் ஐடியாஸ்2ஐடி நூறு பேருக்கு மாருதி கார் கொடுத்தது. அவர்கள் வருடக்கணக்கில் கூடவே இருந்தவர்கள். நல்ல விஷயம், கைதட்டுவேன். ஆனால் அது இருந்ததற்கான பரிசு. புதிதாக யோசித்ததற்கானது இல்லை. இரண்டையும் ஒரே பட்ஜெட் தலைப்பில் போட்டுவிட்டு "இவ்வளவு செலவு செய்தும் இன்னோவேஷன் வரவில்லையே" என்று புலம்புவதுதான் ஐடி கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஓஎம்ஆரில் வழக்கம்.

ஹேக்கத்தான் என்கிற இரவு பகல் புரோகிராமிங் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி மாலை ஆரம்பித்து ஞாயிறு காலை வரை, பீட்சா, எனர்ஜி டிரிங்க், டி-ஷர்ட். ஜெயித்தவர்களுக்கு ஹெட்ஃபோன். நாங்கள் ஒருமுறை ஜெயித்தோம். நாங்கள் எழுதிய புரோகிராம் இன்றைக்கும் ஒரு மூலையில் அப்படியே கிடக்கிறது, கம்பெனியின் மென்பொருளோடு யாரும் சேர்க்கவில்லை. ஹெட்ஃபோன் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

உளவியல்_வாசகி | செவ்வாய் மாலை

கல்லூரியில் நிறுவன உளவியல் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் மன்னிக்கவும். காசா பாராட்டா என்று இந்த இழை போய்க்கொண்டிருக்கிறது. எந்த மாதிரி வேலைக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

மெழுகுவர்த்திச் சோதனை என்று ஒன்று உண்டு. கார்ல் டங்கர் உருவாக்கியது, 1945இல் அச்சானது. மேஜையில் ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசி. மெழுகு மேஜையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். எல்லோரும் மெழுகுவர்த்தியையே சுவரில் குத்தப் பார்ப்பார்கள், மெழுகை உருக்கி ஒட்டப் பார்ப்பார்கள். விடை என்னவென்றால் ஊசிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவது. பெட்டி என்றால் ஊசி வைக்கத்தான் என்ற எண்ணம் உடைந்தால்தான் அது தோன்றும்.

1962இல் சாம் க்ளக்ஸ்பெர்க் இதையே எடுத்து ஒரு கூட்டத்துக்குப் பரிசு அறிவித்தார். வேகத்தில் முதல் கால்வாசிக்குள் வந்தால் 5 டாலர், எல்லோரையும் முந்தினால் 20 டாலர். இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. பரிசுக்காகச் செய்தவர்கள் சராசரியாக மூன்றரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள்! ஆனால் ஊசிகளை முன்பே பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கொடுத்தபோது பரிசுக் கூட்டம்தான் முந்தியது. வழி கண்ணுக்குத் தெரிகிற வேலையில் காசு வேகம் கூட்டுகிறது. வழியே தெரியாத வேலையில் கண்ணைப் பரிசின் மேலேயே நிறுத்திவிடுகிறது.

1973இல் ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், க்ரீன், நிஸ்பெட் மூவரும் நர்சரிக் குழந்தைகளிடம் இன்னொன்று பார்த்தார்கள். படம் வரையப் பிடித்த குழந்தைகள். ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று சொல்லி வரையவைத்தார்கள். ஒரு பகுதிக்குச் சொல்லாமலே கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசு சொல்லி வரையவைத்த குழந்தைகள் தாங்களாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் பாதி அளவுக்குக் குறைந்துவிட்டது. எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு அந்த நஷ்டம் இல்லை.

இதோடு நிறுத்தினால் "பரிசே கூடாது" என்று ஆகிவிடும். அதுவும் சரியில்லை. 1990களில் ராபர்ட் ஐசன்பெர்கர் இதை எதிர்த்து வரிசையாகச் சோதனை செய்தார். "நன்றாகச் செய்தால் பரிசு" என்று பொதுவாகச் சொல்லாமல், "இதுவரை யாரும் சொல்லாததைச் சொன்னால் பரிசு" என்று தெளிவாகச் சொன்னால் படைப்புத்திறன் கூடுகிறது என்று காட்டினார். 2012இல் பைரன், கஸாஞ்சி இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே பக்கம்தான் வந்தது. பரிசு நேரடியாகப் புதுமைக்கு என்று இருக்க வேண்டும், கூடவே "உன் யோசனையில் இது நன்றாக இருக்கிறது, இது ஓடாது" என்று வேலையைப் பற்றிய பதில் வர வேண்டும், எப்படிச் செய்வது என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்க வேண்டும். ஒசூர் மேடம் கொடுக்கிற 250 ரூபாய் எதற்கு? எழுதிப் போட்டதற்கு. அதற்குத் தகுந்ததுதான் வருகிறது: எழுதிப் போடுகிறார்கள்.

சிக்கனம் | செவ்வாய் இரவு

குழந்தைகள் கிரேயான் வைத்து வரைந்ததற்கும் கிளட்ச் தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன்.

உளவியல்_வாசகி | செவ்வாய் இரவு

கேட்க வேண்டிய கேள்விதான். குழந்தைக்கு வரையப் பிடித்திருந்தது என்பதுதான் அங்கே முக்கியம். பிடிக்காத வேலைக்குப் பரிசு கொடுத்தால் கெடுவதற்கு எதுவும் இல்லை. இருபத்துமூணு எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அந்தப் பையன் பரிசு கிடைக்கும் என்று வரையவில்லை. அந்த டிரில் தப்பாக இறங்குவது அவனுக்குப் பொறுக்கவில்லை.

பழைய_டூல்ரூம் | புதன் காலை

எல்லோருக்கும் வணக்கம். சென்னைப் பக்கம் ஒரு பெரிய ஆலையில், கருவிகளும் ஃபிக்ஸ்சரும் செய்யும் டூல்ரூமில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். பேரன் ஃபோனில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்தான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள், அந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று நான் பிரிக்கமாட்டேன். சஜஷன் ஸ்கீம் பழைய சரக்கு. அமெரிக்காவில் கோடக் கம்பெனி 1898இலேயே ஆரம்பித்தது. முதல் பரிசு 2 டாலர். யோசனை என்ன தெரியுமா? ஜன்னல் கண்ணாடியைக் கழுவினால் வேலை செய்ய வெளிச்சம் வரும் என்று. டொயோட்டா ஆட்கள் 1950இல் ஃபோர்டு ஆலையைப் பார்க்கப் போனார்கள், அங்கே இருந்த முறையைப் பார்த்துவிட்டு வந்து 1951இல் தங்கள் ஆலையில் தொடங்கினார்கள். இங்கேயும் 1998இல் பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்கு ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதலில் வாங்கியது அதுதான். அதற்கப்புறம் சென்னையைச் சுற்றி எந்த ஆலைக்குப் போனாலும் கைசன் போர்டு, அதாவது சின்னச் சின்ன மேம்பாடுகளைக் காட்டும் பலகை இருக்கும். அரசாங்கமும் விஸ்வகர்மா ராஷ்ட்ரீய புரஸ்கார் என்று தொழிலாளி சொன்ன யோசனைக்கே விருது வைத்தது, 1965இல் ஏற்படுத்தியது. திருச்சி பெல் ஆட்கள் அதில் நிறைய வாங்கியிருக்கிறார்கள்.

போர்டு எல்லோரும் மாட்டிவிட்டார்கள். டொயோட்டாவில் அது நிலைத்ததற்குக் காரணம் காசு இல்லை. அங்கே சின்ன யோசனைக்குச் சில நூறு யென்தான். ஒரு வேளை சாப்பாட்டுக்குக் காணும். நேர் மேலதிகாரி அதைப் படித்தாக வேண்டும், பதில் சொல்லியாக வேண்டும், சின்னதாக இருந்தால் அந்த இடத்திலேயே செய்து பார்க்கச் சொல்வார்கள். ஆளை வளர்ப்பது சூப்பர்வைசர் வேலையில் ஒரு பகுதி. நம் ஊரில் சூப்பர்வைசருக்கு யோசனை என்பது தலைவலி. லைனை நிறுத்த வேண்டும், அவர் டார்கெட் போகும். பையனுக்குப் பரிசு, சூப்பர்வைசருக்குத் திட்டு. பின் எப்படி அவர் கையெழுத்துப் போடுவார்?

இருபத்துமூணு தம்பிக்கு ஒன்று. டவல் பின் போடுவது டூல்ரூமில் ஒரு மதியத்து வேலை. என்னிடம் வந்திருந்தால் ஃபார்ம் எழுதுவதற்கு முன்பே போட்டுக் கொடுத்திருப்பேன்.

இருபத்துமூணு | புதன் மதியம்

ஐயா, எங்கள் டூல்ரூம் இப்போது வெளியில் கான்ட்ராக்ட். பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாமல் ஒரு பின்கூட வாங்க முடியாது. 😐

காப்புரிமைக்காரர் | புதன் இரவு

சென்னையில் பேட்டன்ட் வேலை பார்க்கிறேன். ஷாப் ஃப்ளோர் யோசனை ஒரு பக்கம் இருக்கட்டும், டிசைன் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் நிஜமாகவே பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் என்ன கொடுப்பீர்கள் என்று எந்த ஹெச்ஆரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. அதனால் நகமுரா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஷுஜி நகமுரா 1979இல் ஜப்பானின் டோகுஷிமாவில் நிச்சியா என்ற சின்ன ரசாயனக் கம்பெனியில் சேர்ந்தார். டிவி, டியூப்லைட்டுக்கு வேண்டிய பாஸ்பர் (ஒளிரும் பொடி) செய்கிற கம்பெனி அது. உலகத்தில் சிவப்பு எல்ஈடி இருந்தது, பச்சை இருந்தது, பிரகாசமான நீலம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. அது இல்லாமல் வெள்ளை வெளிச்சம் கிடையாது. முப்பதுகளின் நடுவில் இருந்த நகமுரா, நேராக நிறுவனர் நொபுவோ ஒகாவாவிடம் போய் நீல எல்ஈடி செய்கிறேன் என்று கேட்டார். கிழவர் தூக்கிக் கொடுத்தார், அந்தக் கம்பெனியின் அளவுக்கு மிகப் பெரிய தொகை. வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வரவும் அனுப்பினார். பிறகு வந்த நிர்வாகம் நிறுத்தச் சொன்னது, தான் நிறுத்தவில்லை என்று நகமுரா சொல்லியிருக்கிறார். வாங்கிய இயந்திரத்தைக் கழற்றித் தன் கையாலேயே மாற்றியமைத்து, 1993இல் நீல எல்ஈடி வெளியே வந்தது.

கம்பெனி அந்தப் பேட்டன்ட்டுக்காக அவருக்குக் கொடுத்தது 20,000 யென். விண்ணப்பித்தபோது பாதி, கிடைத்தபோது பாதி. கம்பெனியோ அதை வைத்து உலக அளவில் வளர்ந்தது. அவர் வேலையை விட்டு அமெரிக்கா போனார், 2001இல் வழக்குப் போட்டார். 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடு என்றது. ஜப்பான் கம்பெனிகள் எல்லாம் ஆடிப்போயின. மேல்முறையீட்டில் 2005இல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம். 2014இல் அகசாகி, அமானோ இருவரோடு சேர்த்து இயற்பியல் நோபல்.

இந்தக் கதையைக் காசுக் கட்சியும் சொல்லும், சுதந்திரக் கட்சியும் சொல்லும். என் கணக்கில் இரண்டும் உண்டு, வேறு வேறு நேரத்தில். கண்டுபிடிக்கும்போது அவரை இழுத்துக்கொண்டு போனது ஒகாவா கொடுத்த நம்பிக்கையும் ஆய்வுக்கான பணமும். பரிசு என்று யாரும் எதையும் காட்டவில்லை. கண்டுபிடித்த பிறகு அவரைக் கம்பெனியை விட்டு விரட்டியது அந்த 20,000. யோசனை வருவதற்கு முன் பரிசைத் தொங்கவிடுவதால் பெரிய லாபம் இல்லை. வந்த பிறகு அற்பமாகக் கொடுத்தால் நஷ்டம் உறுதி.

ஜெர்மனியில் 1957 முதலே இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, ஊழியர் கண்டுபிடித்ததைக் கம்பெனி எடுத்துக்கொண்டால் நியாயமான தொகை கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் அசாதாரண லாபம் தந்த பேட்டன்ட்டுக்குப் பங்கு கேட்கலாம். இயன் ஷாங்க்ஸ் என்பவர் யூனிலீவரோடு நீண்ட காலம் வழக்காடி 2019இல் உச்ச நீதிமன்றத்தில் 20 லட்சம் பவுண்டு வாங்கினார். நம் 1970 காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் "கண்டுபிடிப்பு அனைத்தும் நிறுவனத்துக்கே" என்று ஒரு வரி இருக்கும், சேர்கிற அன்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆனால் 28ஆம் பிரிவு ஒன்று உண்டு. பேட்டன்ட் கம்பெனி பெயரில் இருந்தாலும் கண்டுபிடித்தவர் பெயரை அதில் குறிக்கக் கேட்கலாம். காசு செலவில்லாத பரிசு, அதைக்கூட மேனேஜர் பெயரைப் போட்டுக் கெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. விண்ணப்பித்த உடனே மொத்த போனஸையும் கொடுத்துவிட்டால் குப்பை விண்ணப்பங்கள் குவியும். விண்ணப்பத்துக்குக் கொஞ்சம், கிடைத்தால் கொஞ்சம், கம்பெனி அதைப் பயன்படுத்தினால் பெரிதாக. இப்படிப் பிரியுங்கள்.

நடுராத்திரி_கோடர் | புதன் நள்ளிரவு

காப்புரிமை சார் சொன்னதில் "பெரிதாக" என்ற இடத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கூகுள் 2004இல் ஃபவுண்டர்ஸ் அவார்ட் என்று ஆரம்பித்தது. முதல் தடவை இரண்டு குழுக்களுக்குச் சேர்த்து 1.2 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள். கிடைக்காதவர்களுக்கு வயிற்றெரிச்சல், யார் அந்தக் குழுவில் இருந்தார், யார் இல்லை என்று சண்டை. அங்கே மனிதவளத்துக்குத் தலைமை தாங்கிய லாஸ்லோ பாக்கே பிற்பாடு அது எதிர்பார்த்த மகிழ்ச்சியைத் தரவில்லை என்று எழுதினார். கேட்டால் எல்லோரும் ரொக்கம்தான் வேண்டும் என்றார்களாம். ஆனால் ரொக்கம் வாங்கியவர்களைவிட, குழுவாகப் பயணம், விருந்து என்று போனவர்கள் அதை நீண்ட நாள் நினைவில் வைத்திருந்தார்களாம். சிக்கனம் சார் அடிக்க வருவார் என்று தெரிந்தே சொல்கிறேன்.

டாட்டா குழுமத்தில் இன்னோவிஸ்டா என்று வருடாந்திரப் போட்டி உண்டு, அதில் "டேர் டு ட்ரை" என்ற பிரிவு. துணிந்து முயன்று தோற்ற திட்டத்துக்கு விருது. இந்த விஷயத்தில் நான் கேள்விப்பட்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். எங்கள் ஆபீஸில் தோற்றதைச் சொன்னால் அப்ரைசலில் வந்து நிற்கும்.

சிக்கனம் | வியாழன் காலை

கூகுளில் சம்பளம் வாங்குகிறவன் பயணத்தைக் கொண்டாடத்தான் செய்வான். அவனுக்கு இஎம்ஐ பிரச்சினை இல்லை. சம்பளம் போதுமான அளவு இருந்த பிறகுதான் இந்தத் தத்துவம் எல்லாம்.

உளவியல்_வாசகி | வியாழன் காலை

இதில் உங்களோடு முழுக்கச் சம்மதம் சார். சம்பளம் நியாயமில்லை என்று நினைப்பவனிடம் எந்தப் பரிசுத் திட்டமும் கேலியாகத்தான் போய்ச் சேரும்.

ஒசூர்_ஹெச்ஆர் | வியாழன் மதியம்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மேலிடம் தொகையை உயர்த்தியதோடு ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறது: ஆளுக்கு மாதம் இரண்டு யோசனை. டேஷ்போர்டில் பச்சை, சிவப்பு காட்ட வேண்டும். அப்புறம் இந்தத் தலைமுறைக்கு வேலையில் ஒட்டுதல் இல்லை, பதவி உயர்வுகூட வேண்டாம் என்கிறார்கள் என்று எங்கள் பிளான்ட் ஹெட் சொல்கிறார். அதில் உண்மை இருக்கிறதா?

இருபத்துமூணு | வியாழன் மதியம்

மாதம் இரண்டா! மேடம், அந்த டார்கெட் இங்கேயும் உண்டு. எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப் குரூப் களைகட்டும். போன வருஷத்து கைசன் ஷீட்டுகள் கைமாறும்; லைன் ஒன்றில் போட்டதை லைன் நான்குக்கு மாற்றி எழுதுவோம். "முன்பு, பின்பு" ஃபோட்டோ கட்டாயம். பின்பு ஃபோட்டோ எடுப்பது சுலபம், இடம் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும். முன்பு ஃபோட்டோவுக்குத்தான் கஷ்டம். எண்ணெய்த் துணி, காலி டப்பா எல்லாம் கொண்டுவந்து பரப்பி, கிளிக் செய்துவிட்டு, மறுபடி எடுத்து வைப்போம். டேஷ்போர்டு எப்போதும் பச்சை.

பழைய_டூல்ரூம் | வியாழன் மாலை

சிரித்து முடியவில்லை தம்பி. எங்கள் காலத்தில் ஃபோட்டோ கேட்கமாட்டார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

உளவியல்_வாசகி | வியாழன் இரவு

பிளான்ட் ஹெட் சொன்னதற்கு: 1997 முதல் 2012 வரை பிறந்தவர்களை ஜென் ஸீ என்று பியூ ஆய்வு மையம் வகுத்தது, அதையே பலரும் பின்பற்றுகிறார்கள். ஆலோசனை நிறுவனமான டெலாய்ட் 2025இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் தலைமைப் பதவிதான் முதல் இலக்கு என்று சொன்ன ஜென் ஸீ 6 சதவீதம்தான். அவர் சொல்வது அதுவாக இருக்கலாம். ஆனால் அதே கணிப்பில் கற்றுக்கொள்வதும் வளர்வதும் வேலையைத் தேர்ந்தெடுக்கும் முக்கியக் காரணங்களில் வருகின்றன. நாற்காலி வேண்டாம் என்பதை உழைக்க மனசில்லை என்று படித்தால் தவறாகிவிடும். எந்தக் காலத்திலும் இருபத்திரண்டு வயதுக்காரர் ஐம்பது வயதுக்காரரைவிட அடிக்கடி வேலை மாறியிருப்பார். அது வயதா தலைமுறையா என்று ஒரு வருஷக் கணிப்பால் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் கேட்க வந்தது வேறு. மேடம், உங்கள் 28 வயதுக்குட்பட்டவர்களில் எத்தனை பேர் கம்பெனியின் நிரந்தர ஊழியர்கள்?

ஒசூர்_ஹெச்ஆர் | வியாழன் இரவு

டிசைனில் எல்லோரும். ஷாப் ஃப்ளோரில் பெரும்பாலும் அப்ரன்டிஸ், கான்ட்ராக்ட். ஸ்கீமின் விதிப்படி யோசனை யார் வேண்டுமானாலும் எழுதலாம், பரிசு நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்.

பழைய_டூல்ரூம் | வியாழன் இரவு

அம்மா, அங்கேதான் முடிச்சு இருக்கிறது. பரிசை ஏற்றுவதா இறக்குவதா என்று நாலு நாளாகப் பேசுகிறோம், மெஷினில் நிற்கிறவனுக்கு அது கிடையவே கிடையாதாமே!

இருபத்துமூணு | வியாழன் இரவு

எங்கள் பின் விஷயத்தில் அக்கா பெயர் ஏன் வரவில்லை என்று இப்போதுதான் எனக்கும் உறைக்கிறது. அவர் கான்ட்ராக்ட். ஃபார்மில் எம்ப்ளாயி நம்பர் கேட்கும், அவருக்கு அது கிடையாது.

அப்ரன்டிஸ் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள் மேடம். ஒரு வருஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தவன், ஒரு பீஸ் முடிக்க ஆகும் நேரத்தைக் குறைக்க வழி கண்டுபிடித்தால் யாருக்கு லாபம்? டார்கெட் ஏறும், அவ்வளவுதான். அவன் யோசிக்காமல் இல்லை. தன் மெஷினில் சில்லு சிக்காமல் இருக்க ஏர் கன் முனையை வளைத்து வைத்திருப்பான், சூப்பர்வைசர் வந்தால் நேராக்கிவிடுவான். அவனுக்குப் பரிசு என்றால் ஒன்றே ஒன்றுதான், நிரந்தரம்.

சிக்கனம் | வெள்ளி காலை

முதல் தடவையாக எல்லோரும் என் பக்கம் வந்திருக்கிறீர்கள். வேலை நிரந்தரம் என்பதும் காசுதான்.

மேடத்துக்கு ஃபைனான்ஸ் ஆளாக ஒரு யோசனை. பரிசுத் தொகை முழுவதையும் பரிசாகக் கொடுக்காதீர்கள். பாதியை முயன்று பார்க்கும் செலவுக்கு ஒதுக்குங்கள். ஐயாயிரம் ரூபாய்க்குள் பின், புஷ், சென்சார் எதுவானாலும் லைன் இன்சார்ஜ் கையெழுத்து ஒன்று போதும் என்று வையுங்கள். இதை எந்த ஆடிட்டரும் தடுக்கமாட்டார், ஸ்டோர்ஸ் கணக்கில் போகும். ரொக்கப் பரிசு கொடுத்தால் சம்பளத்தோடு சேர்ந்து வரி பிடிப்பார்கள், அதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறிவித்த தொகை ஒன்று, வங்கியில் விழுந்த தொகை ஒன்று என்றால் வாங்கியவனே திட்டுவான்.

நடுராத்திரி_கோடர் | வெள்ளி காலை

சிக்கனம் சார், உங்களை எங்கள் கம்பெனி சிஎஃப்ஓ ஆக்க என்ன செய்ய வேண்டும்?

மட்டுறுத்துநர் | வெள்ளி மதியம்

இடையில் ஒருவர் தன் முன்னாள் நிறுவனத்தின் பெயரையும் மேலாளர் பெயரையும் போட்டுப் புகார் எழுதியிருந்தார், நீக்கியிருக்கிறேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

ஒசூர்_ஹெச்ஆர் | அடுத்த வியாழன்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த இழையிலிருந்து சிலவற்றை எடுத்து ஒரு பக்கக் குறிப்பாக்கி பிளான்ட் ஹெட்டிடம் கொடுத்தேன். நகமுராவைப் படித்துவிட்டு "நம்மிடம் நோபல் யார் வாங்கப் போகிறார்" என்றார். ஆனாலும் படித்தார்.

கிடைத்தவை: எம்ப்ளாயி நம்பர் இல்லாதவர்களும் பரிசு வாங்கலாம், கேட் பாஸ் நம்பர் போதும். ஐயாயிரத்துக்குள் முயன்று பார்க்கும் செலவுக்கு லைன் இன்சார்ஜ் கையெழுத்து. யோசனைக்குப் பத்து நாளுக்குள் எழுத்தில் பதில், வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்ற காரணத்தோடு. ஃபார்மில் "யோசனை சொன்னவர்", "உதவியவர்" என்று இரண்டு கட்டம், இரண்டு பேருக்கும் பரிசு. எழுதிப் போட்டதற்கான 250 வவுச்சரை நிறுத்துகிறோம். செய்து பார்த்து லைனில் நின்றால்தான் பரிசு, தொகை முன்பைவிடப் பல மடங்கு.

கிடைக்காதவை: மாதம் இரண்டு என்ற டார்கெட் போகவில்லை, ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அப்ரன்டிஸ்களை நிரந்தரமாக்கும்போது யோசனைகளைக் கணக்கில் எடுக்கலாம் என்றேன், "அதை எழுத்தில் தர முடியாது" என்றார்கள். சூப்பர்வைசர் அப்ரைசலில் இதைச் சேர்ப்பது அடுத்த ஆண்டு பார்க்கலாமாம்.

டிசைன் பிரிவில் பேட்டன்ட் போனஸ் மூன்று கட்டமாக ஆகிறது. காப்புரிமை சாருக்குத் தனியாக நன்றி.

பழைய_டூல்ரூம் | அடுத்த வியாழன் இரவு

நல்ல ஆரம்பம் அம்மா. ஒன்று கேட்கிறேன். ஐயாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிடுவான், சரி. அதை ஃபிக்ஸ்சரில் போட மெஷின் நிற்க வேண்டுமே. எந்த ஷிஃப்ட்டில், எவ்வளவு நேரம் லைனை நிறுத்தலாம் என்று பேசினீர்களா? நிறுத்திய நேரம் யார் கணக்கில் விழும்?

ஒசூர்_ஹெச்ஆர் | அடுத்த வியாழன் இரவு

பேசவில்லை ஐயா. திங்கட்கிழமை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் வைக்கிறேன். பராமரிப்புக்கு லைன் நிற்கும் ஞாயிறுகளில் இரண்டு மணி நேரம் கேட்டுப் பார்க்கட்டுமா, அல்லது வேறு வழி இருக்கிறதா?

இருபத்துமூணு | அடுத்த வியாழன் இரவு

ஞாயிறு என்றால் ஓவர்டைம் போடுவீர்களா மேடம்?